சில்வெஸ்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

1

இந்தக் கதை என் மனதில் தானாக முளைத்தது அல்ல, ஆர்டர் கொடுத்து எழுத வைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, "அதானே பார்த்தேன்" என்று உதட்டைப் பிதுக்குவதை என்னால் தாங்க முடியாது.

ஆர்டர் கொடுத்தது பெங்களூரில் கர்ப்பிணிகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம். பெயர் வேண்டாம். அங்கே ஸ்ரீஹர்ஷா என்று ஒரு திட்ட அதிகாரி இருக்கிறார். கன்னடக்காரர், இளைஞர், ரொம்ப மரியாதையானவர். கர்ப்ப காலத்தில் மதுவும் போதைப்பொருளும் கூடாது என்று தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல எட்டுப் பக்கத்தில் ஒரு படக்கதை கேட்டார். பக்கத்துக்கு நாலு வரி. எட்டாம் பக்கத்தில் கருத்து.

"மெசேஜ் மாத்ர கிளியர் ஆகி இர்பேக்கு, மேடம்," என்றார். கருத்து மட்டும் தெளிவாக இருக்க வேண்டுமாம். என் கதைகளைப் பற்றி யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

களத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவர்களுடைய களப்பணியாளர் சரளாவோடு விவேக் நகர் போனேன். சரளாவுக்கு வீடு ஸ்ரீராம்புரம், எனக்கு ஒக்கலிபுரம். ஒரே பஸ், ஒரே நெரிசல், அதனால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளை விசாரித்து, மாத்திரை சாப்பிட்டார்களா, ஸ்கேன் எடுத்தார்களா என்று பார்ப்பது அவள் வேலை. அன்று ஒரு பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒரு கூத்த சொல்றேன், ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. கிறிஸ்மஸ் வாரத்துல இதே பேக்கரி மாடிக்குப் போனேன். சில்வெஸ்டர் அங்கிள் வூடு. அவரு மருமவ ஜூடித் அப்போதான் மாசமா இருந்தா. கேக்கு வெச்சாரு, வூட்ல போட்ட ஒயின கிளாஸ்ல ஊத்துனாரு. 'சாக்கு அங்கிள், போதும்'ன்றேன், கேட்டாதான? அப்போ போன எடுத்து அதுல இருக்கற கேள்விய கேக்கறேன். 'இந்த வூட்ல கர்ப்பிணி மது அருந்துவாங்களா?' எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அங்கிள் சொல்றாரு, 'நம்ம வூட்லயா? நானே வுட்டு எத்தினி வருஷமாச்சி! மாதா சத்தியமா ஒரு சொட்டு கெடையாது.' சொல்லிக்கினே ஜூடித் கையில அவ டம்ளர குடுக்கறாரு. நானும் இந்தக் கையில ஒயின வெச்சிக்கினு அந்தக் கையில 'இல்லை'ன்னு அமுக்கிட்டேன்."

"உனக்குத் தோணவே இல்லையா?"

"சத்தியமா தோணலக்கா. பண்டிகைக்கு ஒரு வாய்தான, இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டேன். ஒயின் வேற நல்லா இருந்துச்சா..."

டீக்கு அப்புறம் எனக்குக் கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எட்டுப் பக்கம்தானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

2

தொடக்கங்களை அழிக்காமல் அப்படியே வைக்கிறேன். நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா?

முதல் தொடக்கம்: குடிகாரன் ஆதிகேசவனின் மனைவி தனலக்ஷ்மி, ஒரு மழை நாளில், துக்கம் தாளாமல் தானும் அந்தப் பாட்டிலைத் திறந்—

[நிறுத்திவிட்டேன். மழை வந்த உடனேயே எனக்குச் சந்தேகம் வந்தது. தவிர, இதைக் கேட்கும் எந்தப் பெண்ணும் "பாவம் அவ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.]

இரண்டாம் தொடக்கம்: மென்பொருள் நிறுவனத்தில் கைநிறையச் சம்பளம் வாங்கும் ஆஷா, வார இறுதி விருந்தில்—

[இதுவும் வேண்டாம். குடிக்கிற பெண் என்றதும் என் பேனா நேராக மென்பொருள்காரர்களின் ஒயிட்ஃபீல்டுக்கு ஓடுவது ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: நான் அம்மாவின் வயிற்றிலிருந்து பேசுகிறேன். இங்கே இருட்டாக இருக்கிறது. இப்போது ஏதோ கசப்பாக—

[கர்த்தரே! வயிற்றிலிருந்து பேசும் குழந்தைகள் எல்லாம் எழுதுகிறவரின் குரலில்தான் பேசும். அது ஏற்கெனவே கேட்டுச் சலித்த குரல்.]

நிறுவனத்தின் பழைய படப் புத்தகத்தையும் சரளா காட்டினாள். அதில் ஒரு பெண் தலைவிரி கோலமாக, கையில் பாட்டிலோடு நிற்கிறாள். எட்டாம் பக்கத்தில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து அழுகிறது. அந்தப் பெண்ணைப் பார்த்து "இது நான்தான்" என்று சொல்ல விவேக் நகரில் ஒரு ஆள் கிடைக்க மாட்டார். சில்வெஸ்டர் வீட்டு ஒயின் பாட்டிலில் வருவதில்லை, எவர்சில்வர் டம்ளரில் வருகிறது. கொண்டுவருகிறவர் மாமனார்.

3

ஆகவே சில்வெஸ்டரை உங்களுக்குச் சரியாக அறிமுகப்படுத்த வேண்டும். (பெயர்களை மாற்றிவிட்டேன். வீட்டையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். மாடிப்படி மட்டும் நிஜம், அவ்வளவு செங்குத்தான படியைக் கற்பனை செய்ய எனக்குத் தெம்பில்லை.)

முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்து, குரலில் அதட்டல் வைத்து எழுதினேன். மருமகள் குடிக்க மறுக்க, அவர் கண்ணை உருட்ட, இப்படிப் போனது. அதற்குப் பிறகு சரளாவோடு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேனா, அந்த மீசை என் தாளிலிருந்து தானாகவே உதிர்ந்துவிட்டது. ஆள் ஒல்லி. லேத் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பூர்வீகம் வட ஆற்காடு. மனைவி ஹெலன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர், "வாங்குற சம்பளத்துக்கு மேலயே குடிச்சவன்மா நான்" என்று அவரே சொன்னார். மகன் ஜாய்சனின் கல்யாணத்துக்கு முன்னால் குழந்தை இயேசு கோயிலில் பொருத்தனையாக நேர்ந்துகொண்டு குடியை விட்டவர், இன்றுவரை தொடவில்லை.

ஆனால் ஒயின் போடுவதை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி, ஈஸ்டருக்கு ஒரு ஜாடி. அவர் கணக்கில் அது குடியே அல்ல, பண்டிகைப் பலகாரம். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயை வேட்டித் துணியால் கட்டிவைப்பார். தினமும் மரக்கரண்டியால் கிளறுவார். கிளறிவிட்டு ஜாடியில் காதை வைத்துக் கேட்பார். "பேசுது பாரு," என்று என்னையும் கேட்கச் சொன்னார். நானும் வைத்தேன். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ வெடித்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல், வாயில் வைத்துப் பார்க்க அவரால் முடியாது. பொருத்தனை. அதனால் பதம் பார்ப்பது ஜூடித். கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸிலிருந்து அப்படித்தான். அவள் ஒரு வாய் குடிப்பாள், அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மூஞ்சப் பாத்தா போதும்மா எனக்கு. புளிப்பு எவ்ளோ, தித்திப்பு எவ்ளோ, எல்லாம் அந்த மூஞ்சிலயே கீது," என்றார்.

"என்னால நடிக்கக்கூட முடியாது ஆன்ட்டி," என்றாள் ஜூடித். "நல்லால்லன்னா கண்டுபுடிச்சிடுவாரு மாமா." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தன் அப்பாவிடம் கிடைக்காத ஏதோ ஒன்று அவளுக்கு இந்த மனிதரிடம் கிடைத்திருக்கிறது. அது என்னவென்று நான் கேட்கவில்லை.

ஜூடித்துக்கு முதல் கரு நிற்கவில்லை. இது இரண்டாவது. வீடே அவளைத் தரையில் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டது. விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டும் ஜாய்சன் சவாரிக்கு நடுவில் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டபடி இருந்தான். இந்த நிலையில் மூன்றாம் மாதப் பரிசோதனையில் அவளுக்கு ரத்தம் குறைவு என்று வந்தது. அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனது சரளா.

"ரத்தம் கம்மியா இருக்கு அங்கிள், நல்லா கவனிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவர் கவனித்துக்கொண்டார். திராட்சை கறுப்பு, ஒயின் சிவப்பு, ரத்தத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அவருடைய அம்மா செய்தது, தங்கவயலில் அக்கம்பக்கம் எல்லோரும் செய்தது. பண்டிகைக்கு மட்டும் என்று இருந்தது தினமும் சாயங்காலம் என்று ஆயிற்று, சின்ன டம்ளர் பெரிய டம்ளர் ஆயிற்று.

அன்பில் செய்த தப்பு என்று நான் எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். ஆனால் வேறு எப்படி எழுதுவது? அந்த வீட்டில் கெட்ட எண்ணம் என்று தேடினால் ஒரு சிட்டிகைகூடக் கிடைக்காது. அதுதான் எனக்கு வந்து வாய்த்த தொல்லை.

4

பிறகு சரளாவுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே வந்த டாக்டரம்மா பேசியதை அவள் என்னிடம் ஒப்பித்தாள்.*

* அடிக்குறிப்பு மாதிரி இதைத் தனியாக வைக்கிறேன். கதை பிடிக்காதவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போகலாம். கர்ப்ப காலத்தில் எந்த மதுவும் வேண்டாம். பீர், கள், வீட்டு ஒயின் எல்லாமே அதில் அடக்கம். தாய் குடிப்பது குழந்தைக்கும் போய்ச் சேரும், வளரும் மூளையைப் பாதிக்கலாம். இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று அளவு சொல்ல யாராலும் முடியவில்லை, அதனால்தான் ஒரு சொட்டும் வேண்டாம் என்கிறார்கள். குடித்த எல்லோருடைய குழந்தைக்கும் கெடுதல் வந்துவிடும் என்றும் இல்லை. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அன்றிலிருந்து நல்லதுதான்.

"வீட்டு ஒயின்னு அந்தம்மா சொன்னாங்க பாருங்க, எனக்கு அங்கிள் குடுக்கற டம்ளருதான் கண்ணு முன்னாடி வந்துச்சிக்கா. ஜூடித்துக்கு இப்போ அஞ்சு முடிஞ்சி ஆறு நடக்குது. அந்த டம்ளர பெருசாக்குனதே நான்தான்."

"உடனே போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே?"

"இன்னான்னு சொல்றது? குடிய வுட்டத ஒரு பதக்கம் மாதிரி மாட்டிக்கினு திரியற ஆளு அவரு. அவர் கிட்ட போய், நீங்க உங்க பேரப்புள்ளைக்கு தெனமும் சாராயம் ஊத்தறீங்கன்னா? நாளைக்கே திரும்ப கடைல போய் நின்னுட்டாருன்னா?" பஸ் இருக்கையில் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கதான எழுதறவங்க? ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் குடுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கினு போய் சொல்லிடறேன்."

வாசகரே, இத்தனை வருடத்தில் என் எழுத்தை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பத்திரிகைகள் கேட்டிருக்கின்றன, அவை பக்கம் நிரம்பக் கேட்டவை. ஒரு கர்ப்பிணியின் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைக்கவும், அதை ஊற்றியவர் உடைந்துவிடாமல் இருக்கவும் ஒரு வாக்கியம். எட்டுப் பக்கத்தைத் தூர வைத்துவிட்டு அதில் இறங்கினேன்.

5

எழுதியவற்றில் சில:

"அங்கிள், உங்கள் ஒயின் அருமையானது, ஆனால்..." (இந்த "ஆனால்" வந்த இடத்திலேயே அவர் முகம் வாடிவிடும்.)

"அறிவியல் இப்போது சொல்கிறது..." (அவர் அறிவியலைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு டம்ளரை நிரப்புவார்.)

"பாப்பா பிறக்கும்வரை உங்கள் பொருத்தனையை ஜூடித்தும்..." (இது நன்றாக இருந்தது. இதில் கொஞ்சம் தந்திரமும் இருந்தது. சரளா வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நாடகத்துல பேசறா மாதிரி இருக்குதேக்கா" என்றாள்.)

இந்த இடத்தில் லவினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை அவளைச் சொல்லாமல் இருந்தது மறதியால் அல்ல, பயத்தால்.

லவினா சில்வெஸ்டரின் மூத்த மகள், ஜாய்சனுக்கு அக்கா. முப்பது தாண்டிவிட்டது. கற்பதில் மெதுவானவள், கணக்கு வராது, தனியாக ரோடு கடக்க விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு அவளைக் கைவிட்டது. கீழே பேக்கரிக்குக் கேக் பெட்டி மடித்துக் கொடுக்கிறாள். அதை அவள் வேகத்தில்தான் செய்வாள், அவசரப்படுத்தினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டிவி ரிமோட்டுக்காக ஜூடித்தோடு தினமும் சண்டை. சண்டை முடிந்ததும் ஜூடித்தின் வயிற்றில் கையை வைத்து உள்ளே இருப்பவரிடம் கோள் சொல்வாள். குழந்தைக்குப் பெயர்கூட முடிவு செய்துவிட்டாள், பென்ஸ். ஆண், பெண் என்ற பேச்சே இல்லை, பென்ஸ்தான்.

சரளா ஒருமுறை அந்தப் பழைய படப் புத்தகத்தை அங்கே விரித்திருக்கிறாள். எட்டாம் பக்கத்துக் குழந்தையைப் பார்த்துவிட்டு லவினா சரளாவிடம் சண்டைக்கு வந்தாளாம். "இந்த பாப்பா ஏன் தனியா அழுவுது? யாருன்னா தூக்க சொல்லு." பக்கத்தைத் திருப்ப விடவில்லையாம்.

இவளை எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போட்ட முடிச்சை அவிழ்ப்பதுபோல் உடனே அவிழ்த்துவிடுவீர்கள். ஓஹோ, அப்பா ஊற்றிய ஒயின், மெதுவான மகள். ஸ்ரீஹர்ஷாவும் அதையே செய்தார். போனில் பேசும்போது, வாய் தவறி லவினாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"மேடம், அவங்களையே கடைசிப் பக்கத்துல போட்டா? ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்," என்றார், தெரிந்த தமிழில்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு குழந்தையாவது தப்பிக்கட்டும் என்று உண்மையாகவே நினைக்கிற மனிதர். ஆனாலும் லவினா எந்தப் பக்கத்துக்கும் எச்சரிக்கைப் பலகை இல்லை. அவளுக்கு வேலை இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது, ரிமோட் இருக்கிறது. "அவள் வர மாட்டாள், கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்ன பேச்சை நானே காப்பாற்றவில்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரிகிறது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

6

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போனோம். வியாழன் அன்று விவேக் நகரில் குழந்தை இயேசுவுக்குக் கூட்டம். மெழுகுவத்தியும் பூவும் விற்கிறவர்களைத் தாண்டி, ஆட்டோக்களுக்கு நடுவில் நுழைந்து, அந்தப் படியேறுவதற்குள் சரளா, வேறு வழியில்லாமல், அந்தப் பொருத்தனை வாக்கியத்தையே பத்துத் தடவையாவது முணுமுணுத்திருப்பாள். எழுதியவள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

லவினா தரையில் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு சில்வெஸ்டர் சமையலறைக்குள் போய் டம்ளரோடு வந்தார். ஜூடித் கையை நீட்டினாள்.

சரளாவுக்கு வாக்கியம் மறந்துபோனது.

"அங்கிள், வேணாம். அத குடுக்காதீங்க," என்றாள். அப்புறம் அடக்க முடியாமல் கொட்டினாள். "ஒயினும் மதுதான் அங்கிள். கொஞ்சோண்டு குடிச்சாலும் கொழந்தைக்குப் போவுமாம். எவ்ளோ குடிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டருங்களுக்கே தெரியாதாம். நான் முன்னாடியே சொல்லிருக்கணும். எனக்கே தெரில. நானே இங்க உக்காந்து குடிச்சிட்டுப் போனவதான."

என் தந்திரமும் நயமும் எங்கேயோ போயின. அந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஜூடித்திடம் நீட்டிய டம்ளரை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சரிம்மா," என்றார். உள்ளே போனார். சிங்க்கில் ஊற்றும் சத்தம் கேட்டது, குழாய் திறந்த சத்தமும் கேட்டது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஜூடித் அழ ஆரம்பித்துவிட்டாள். "இத்தன நாளா குடிச்சேனே சரளாக்கா."

"இன்னிக்கி நிறுத்துனா இன்னில இருந்து நல்லதுதான். ஸ்கேன்ல எல்லாம் சரியா இருக்குன்னுதான சொன்னாங்க? செக்கப்ல இதையும் டாக்டர் கிட்ட சொல்லு, மறைக்காத. அழாத."

"அழாத ஜூடி, பென்ஸுக்குக் கேக்கும்," என்று லவினா தரையிலிருந்து அதட்டினாள்.

"ரத்தத்துக்கு வேற இன்னா குடுக்கலாம்?" என்று சில்வெஸ்டர் கேட்டார். சரளா சொன்னாள். முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், ஈரல் பிடித்தால் ஈரல், முக்கியமாக இரும்புச் சத்து மாத்திரை, அதை டீயோடு சாப்பிடக் கூடாது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்ரீஹர்ஷாவின் எட்டாம் பக்கம் இங்கே வருகிறது. தாய் நிறுத்திவிட்டாள், குடும்பம் புரிந்துகொண்டது, கருத்து கண்ணாடிபோலத் தெளிவு. நான் வீட்டுக்குப் போய் இதை எழுதி அனுப்பியும்விட்டேன், அவருக்கும் சந்தோஷம். படத்தில் மாமனார் கையில் கீரைக்கட்டு.

ஆனால் நாங்கள் எழுந்திருக்கும் முன் சில்வெஸ்டர் தரையைப் பார்த்தார். தரையில் லவினா இருந்தாள்.

"ஹெலனுக்கும் நான்தான் ஊத்திக் குடுப்பேன்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இவ வயித்துல இருக்கும்போது. தெனமும்."

அவர் சரளாவின் பக்கம் திரும்பினார்.

"அப்போ... அதனாலயாம்மா?"

"இன்னா அதனால?" என்றாள் லவினா, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல கண்ணு."

சரளா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "டாக்டரம்மாவ கேட்டுட்டு அடுத்த வியாழக்கெழம வந்து சொல்றேன் அங்கிள்," என்று சொல்லிவிட்டு அவள் விடுவிடுவென்று இறங்கினாள். பாதிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, இன்னொரு வாக்கியம் எழுதணும்," என்றாள்.

7

டாக்டரம்மாவைக் கேட்டோம். பொறுமையாக எல்லாவற்றையும் விசாரித்தார். லவினாவின் பிரசவமே பெரிய போராட்டம், கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, பிறந்ததும் அழவில்லை என்று ஹெலன் ஜூடித்திடம் சொல்லியிருக்கிறாள். ஹெலன் அதே ஒயினைக் குடித்துப் பெற்ற ஜாய்சன் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவன். "அதனால் இருக்கலாம், அதனால் இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடம் கழித்து என்னால் சொல்ல முடியாது," என்றார்.

ஆக, எனக்குக் கிடைத்த மூலப்பொருள் "தெரியாது" என்ற ஒரே சொல். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சரளா சொல்கிறாள், "அதனால இல்ல அங்கிள், கொடி சுத்துனதாலதான்." அவர் மார்பு லேசாகிறது. [பொய்தான், ஆனால் இதமான பொய். எனக்கே இதை விட்டுக்கொடுக்க மனமில்லை. சிக்கல் என்னவென்றால், அவர் முட்டாள் இல்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஜூடித்தின் டம்ளரை ஏன் பிடுங்கினாய் என்று கேட்பார்.]

இரண்டாம் முடிவு: சரளா சொல்கிறாள், "தெரியாது அங்கிள், யாருக்கும் தெரியாது." [உண்மை. ஆனால் இதைக் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் பஸ் ஏறிவிடுவோம். அவர் மீதி வாழ்நாள் முழுக்க இதோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.]

மூன்றாம் முடிவு: லவினா எழுந்து வந்து அப்பாவின் கன்னத்தைத் தொட்டு— [கூடாது. இதை எழுதிய கைக்கு ஒரு அடி கொடுத்தேன். அவள் யாரையும் மன்னிப்பதற்காகப் பிறந்தவள் இல்லை. அப்படியே எழுந்து வந்தாலும் சாப்பிட என்ன இருக்கிறது என்றுதான் கேட்பாள்.]

நான்காம் முடிவு: சில்வெஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி, மூலையில் இருக்கும் மதுக்கடை—

இதை எழுதிக்கொண்டிருந்த அன்று மத்தியானம்தான் ஜூடித் சரளாவுக்குப் போன் செய்தாள். "மாமா சரியாவே சாப்புடறதில்லக்கா. ஈஸ்டர் ஜாடிய கிளறவே இல்ல. இன்னிக்கி மூலக் கடைக்குப் போய் வெளிய நின்னுட்டு இருந்தாராம், பேக்கரிக்காரரு பாத்துட்டு கூட்டிட்டு வந்துட்டாரு. உள்ள போவல. சும்மா நின்னேன்றாரு. நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னுதான் பாத்துட்டிருக்காரு."

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஒரு கதாபாத்திரத்தைக் கடை வாசலுக்கு நடத்திப் போவது எவ்வளவு சுலபமாக என் கைக்கு வந்தது என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் கதாபாத்திரமே இல்லை என்பது அதைவிடப் பயம். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இதைவிடச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

8

வியாழக்கிழமை வந்துவிட்டது. சரளா, நான், அதே படி.

சில்வெஸ்டர் தன் நாற்காலிக்கு எதிரில் மூன்று நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறார். ஜூடித் சமையலறை வாசலில் நிற்கிறாள், கையில் கீரை. லவினா வழக்கமான இடத்தில்.

"கண்ணு, கீழ போய் ஆளுக்கொரு பன்னு வாங்கியா," என்கிறார் அவர்.

"நான் போவல."

"போய்ட்டு வாம்மா. உனக்குப் புடிச்ச தேங்கா பன்னு."

"நீ என்ன அனுப்பிட்டு பேசுவ. எனக்குத் தெரியும். என்னப் பத்திதான் பேசுவ. நான் போவல." சொல்லிவிட்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

அவர் எங்களைப் பார்க்கிறார். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. முகத்தைப் பார்த்துப் புளிப்பையும் தித்திப்பையும் கண்டுபிடிக்கிறவர் அவர். இப்போது சரளாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் என் நான்கு முடிவுகளும் சேர்ந்தாற்போல் உதவாமல் போயின. எல்லாவற்றையும் அவர் ஒருவருக்காகத்தான் எழுதியிருந்தேன். "அதனால்தான்" என்றாலும் "அதனால் இல்லை" என்றாலும் "தெரியாது" என்றாலும், மூன்றிலும் லவினா ஒரு கேடு, யார் செய்தது என்பதுதான் கேள்வி. அவள் காதில் விழக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் தாங்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும், ஜூடித் மறுபடி டம்ளரைத் தொடாமலும் இருக்க வேண்டும். அதோடு, இவள் கேட்டுவிட்டு மறுபடி தன் பெட்டியை எடுத்து மடிக்க முடிய வேண்டும்.

சரளா என்னைப் பார்க்கிறாள். எழுதுகிறவள் நான்தானே.

நான் உங்களைப் பார்க்கிறேன். மூன்றாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இந்த வீட்டு மனிதர்களை இப்போது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். அழகாகச் சொல்ல வேண்டாம், திக்கினாலும் பரவாயில்லை. சரளா அன்று வாக்கியத்தை மறந்துவிட்டுத்தான் சரியாகச் சொன்னாள்.

சில்வெஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சொல்லுங்க," என்கிறார்.

லவினா பாதி மடித்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.